முதல் பொய்

பாட்டி போனில் 'சாப்பிட்டியா கண்ணு?' என்று கேட்டால், மூன்று வயதுக் குழந்தை பதில் சொல்லாமல் தலையாட்டும். பாட்டிக்கு அது தெரியாது என்று அதற்குத் தோன்றுவதில்லை. அதே குழந்தை ஒன்றிரண்டு வருடத்தில் வாயெல்லாம் மைலோத் தூளோடு 'நான் எடுக்கல' என்கிறது. 'இந்த வயசுலேயே பொய்யா?' என்று சில வீடுகளில் அலமாரி மேலிருந்து ரோத்தான் இறங்கும்.

1983-இல் வீமர், பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மாக்ஸி நீல அலமாரியில் சாக்லேட்டை வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதைப் பச்சை அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்து எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பச்சையைக் காட்டினார்கள். சாக்லேட் அங்கேதானே இருக்கு! 'அவனுக்குத்தான் தெரியாதே' என்ற எண்ணம் நான்கு வயதுக்கு மேல்தான் வருகிறது.

பொய்க்கும் இதே எண்ணம் வேண்டும். எனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம், அவள் மனசு வேறு. ஆனால் அம்மா எதற்கு அழுகிறாள் என்று ஊகிக்கவும் இதுதானே வேண்டும்? ஆறுதலும் ஏமாற்றும் ஒரே கதவு வழியாக வருகின்றன. பொய் சொல்லத் தெரியாத பருவத்தை நாம் 'கள்ளமில்லாத' பருவம் என்கிறோம். எனக்கு அது நேர்மையாகப் படவில்லை. மறைக்க முடிந்தும் மறைக்காதவரைத்தானே நேர்மையானவர் என்கிறோம்.

அதற்காகப் பொய்யைக் கொண்டாடச் சொல்லவில்லை. ஏமாந்தவருக்கு வலி வலிதான். ஆனால் 'ஆன்ட்டி கொடுத்த சட்டை புடிச்சிருக்குன்னு சொல்லு', 'அப்பா வீட்ல இல்லன்னு சொல்லு' என்று சொல்லிக்கொடுப்பது யார்? வாய்மை அதிகாரத்தில் வள்ளுவரே நன்மை தரும் பொய்க்கு இடம் விட்டிருக்கிறார். வாடகைக்காரர் வந்து நிற்கும் வாசல் அதில் சேருமா என்பது வேறு விஷயம்.

ரோத்தான் என்ன செய்கிறது? டல்வார், காங் லீ இருவரும் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளின் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டு 2011-இல் எழுதினார்கள். ஒன்றில் அடி உண்டு, மற்றதில் இல்லை. பொம்மையை எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வெளியே போனால், இரண்டு பக்கமும் பெரும்பாலான பிள்ளைகள் பார்த்தார்கள். அடி விழும் பள்ளிப் பிள்ளைகள்தான் 'பார்க்கல' என்று அதிகம் சொன்னார்கள். மேலே கேட்டபோதும் மாட்டிக்கொள்ளாமல் சமாளித்தார்கள்.

'நான் எடுக்கல' என்றதும் குழந்தை நம் முகத்தையே பார்க்கும். நாம் நம்பிவிட்டோமா என்று பார்க்கிறது. உண்மையைச் சொன்னால் இந்த முகம் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே பார்க்கிறது.