மறந்தாலும் மறையாத சுவடு

மாலையில் வீடு திரும்பும் ஒருவர், மனைவி கேட்கும் சாதாரணக் கேள்விக்குச் சினந்து பதிலளிக்கிறார். அடுத்த கணமே வருந்துகிறார். இனி இவ்வாறு பேசுவதில்லை என்று உறுதி பூணுகிறார். மறுநாள் மாலை அதே கேள்வி, அதே கடுஞ்சொல். அப்படியானால் அவரது உறுதி பொய்யா? இல்லை. உறுதி பூண்டது மனத்தின் ஒரு தளம். சினந்தது வேறொரு தளம்.

இவ்வேறுபாட்டை மூளை அறிவியல் தெளிவாக உணரக் காரணமானவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். கடும் வலிப்பு நோயைத் தணிப்பதற்காக, 1953-இல், தமது 27-ஆம் வயதில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கு மூளையின் இருபுறமும் அகற்றப்பட்டது. வலிப்பு குறைந்தது, ஆனால் புதிய நிகழ்ச்சிகளை நினைவில் நிறுத்தும் ஆற்றலும் உடன் போயிற்று.

உளவியலறிஞர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி அளித்தார். தாளில் இரட்டைக் கோடுகளாலான நட்சத்திரம். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்தவாறு, அக்கோடுகளுக்கு இடையே பென்சிலை நகர்த்த வேண்டும். மூன்று நாட்கள் பயிற்சி நடந்தது. முந்திய நாள் செய்தது அவருக்கு நினைவில்லை. ஆயினும் நாளுக்கு நாள் பிழைகள் குறைந்தன. அவர் மறந்தார், அவரது கை மறக்கவில்லை.

நிகழ்ச்சிகளை நினைப்பதும் பழக்கம் பெறுவதும் மூளையில் வெவ்வேறு அமைப்புகளைச் சார்ந்தவை என்பது இதனால் புலனாயிற்று. செயல் மறைந்தபின்னும் மனத்தில் தங்கும் பதிவை யோக நூல்கள் 'சம்ஸ்காரம்' என்கின்றன. பிறவிகளைக் கடந்தும் தொடர்வதாக அவை கூறும் சம்ஸ்காரத்தை மூளையின் சுவடாக மட்டும் சுருக்கிவிட இயலாது. எனினும் இரண்டும் ஓர் எச்சரிக்கையில் ஒன்றுபடுகின்றன: திரும்பத் திரும்பச் செய்யும் எதுவும், செய்தவன் மறந்தாலும், சுவடின்றிப் போவதில்லை.

பழைய சுவடு எளிதில் அழிவதுமில்லை. ரஷ்ய அறிஞர் பாவ்லோவ், உணவுக்கு முன் ஓர் ஒலியை எழுப்பி, அவ்வொலி கேட்டதுமே உமிழ்நீர் சுரக்குமாறு நாய்களைப் பழக்கினார். பின்னர் உணவளிக்காமல் ஒலியை மட்டும் பலமுறை எழுப்பியதும் சுரப்பு நின்றது. ஆனால் சிறிது இடைவெளிக்குப் பின் மீண்டும் அவ்வொலி கேட்டபோது உமிழ்நீர் சுரந்தது. அடங்கியிருந்தது, அழிந்திருக்கவில்லை.

ஆகவே ஒருமுறை தவறிவிட்ட சாதகர், தம் முயற்சியெல்லாம் பாழாயிற்று என்று சோர வேண்டியதில்லை. பழையதோடு போரிடுவதைவிட, அதற்கு எதிரான நற்பதிவை வளர்ப்பதே வழி. பதஞ்சலி முனிவர் இதனைப் 'பிரதிபட்ச பாவனை' என்கிறார். சினம் கொள்ளும் அந்த இல்லறத்தார் வாயிற்படியில் ஒரு கணம் நின்று, இறைவன் திருநாமத்தை நினைத்து, பின் உள்ளே செல்லட்டும். முதல் நாள் தோற்கலாம். பத்தாம் நாளும் தோற்கலாம். ஆனால் அந்த ஒரு கணமும் சுவடு பதித்துக்கொண்டே இருக்கிறது. தீமையை வேரூன்றச் செய்த அதே நியதி, நன்மையையும் வேரூன்றச் செய்யும்.