ஈக்களுக்கு எஜமான் யார்?



சபை வாசலில் வைத்திருக்கிற ஜெபக்குறிப்புப் பெட்டியைத் திறந்தால் கடன், வியாதி, கலியாணம், பிள்ளைகளின் படிப்பு என்று சீட்டுகள் வரும். நாலு நாள் மழை பெய்து ஓய்ந்துவிட்டால் இன்னொரு வகைச் சீட்டும் சேர்ந்துகொள்ளும். "வூட்டுல ஈ தாங்க முடியலீங்க பாஸ்டர், சோறு போட்டு வைக்க முடியல." "ராத்திரி பூரான் ஏறிடுமோன்னு தூக்கமே வரதில்ல." "கொசு கடிச்சாலே பிள்ளைக்கு டெங்கு வந்துருமோன்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது." இந்தச் சீட்டுகளில் மாத்திரம் பெயர் இருக்காது. பூச்சிக்கெல்லாம் போய் ஜெபமா என்று யாராவது சிரித்துவிடுவார்களோ என்கிற வெட்கம். தேவபிள்ளைகளே, நான் சிரிக்கவில்லை. வேதமும் சிரிக்கவில்லை. பேனும் வண்டும் வெட்டுக்கிளியும் எறும்பும் சிலந்தியும் வேதத்திலே இடம் பெற்றிருக்கின்றன.

ஆனால் போன மாதம் வந்த ஒரு சீட்டு என்னை முழங்காலில் நிற்க வைத்தது. "எங்க வீட்டு ஈக்கு செய்வினைதான் காரணம்னு சொல்றாங்க. அது உண்மையா?" என்று பென்சிலில் எழுதியிருந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவது சரியல்ல. நம் பக்கத்தில் இந்தப் பேச்சு அதிகம். ஈ மொய்த்தால் ஏவல், எறும்பு சாரை சாரையாய் வந்தால் யாரோ வைத்தது என்கிறார்கள். இரட்சிக்கப்பட்டவர்கள் கூட, பெயெல்செபூல் என்றால் ஈக்களின் தலைவன் என்று அர்த்தமாம், ஆகையால் ஈயெல்லாம் பிசாசின் சேனையாம் என்று பேசிக்கொள்ளுகிறார்கள்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? 2 இராஜாக்கள் 1-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். அகசியா ராஜா மேல்வீட்டிலிருந்து விழுந்து படுத்துவிட்டான். பிழைப்பேனா என்று கேட்க எங்கே ஆள் அனுப்பினான்? பெலிஸ்தருடைய எக்ரோன் பட்டணத்திலே இருந்த பாகால்சேபூபினிடத்திற்கு. அந்தப் பெயருக்குத்தான் ஈக்களின் ஆண்டவன் என்று பொருள். எலியா நடுவழியில் அந்த ஆட்களை நிறுத்தி, இஸ்ரவேலில் தேவன் இல்லையென்றா அங்கே போகிறீர்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். பாருங்கள், ஈக்கு ஒரு எஜமானைத் தேடிப்போனவன் பயந்துபோன ஒரு மனுஷன். வேதம் அந்த எக்ரோனின் சாமிக்கு ஒரு ஈயைக்கூட எழுதிக் கொடுக்கவில்லை. எகிப்திலே வண்டுக் கூட்டத்தை வரப்பண்ணினவர் கர்த்தர். மோசே வேண்டிக்கொண்டபோது ஒன்றும் மீதியில்லாமல் விலக்கினவரும் அவரே (யாத். 8:31). நம் தமிழ் வேதாகமத்தில் வண்டுகள் என்று இருக்கும் இடத்தில் எபிரெயுவில் ஆரோப் என்று ஒரு சொல் இருக்கிறது. கலந்த கூட்டம் என்பது அதன் கருத்து. ஈ என்றுதான் அநேகர் எடுத்துக்கொள்ளுகிறார்கள்.

அதற்கு முந்தின வாதை என்ன? பேன். தண்ணீரை இரத்தமாக்கிக் காட்டின, தவளையை வரப்பண்ணின மந்திரவாதிகள், பேனையும் பிறப்பிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை (யாத். 8:18). பார்வோனுடைய அரமனையில் சம்பளம் வாங்கின மந்திரவாதியாலேயே ஒரு பேன் உண்டாக்க முடியாதபோது, மூவாயிரம் ரூபாயும் ஒரு சேவலும் வாங்கிக்கொள்ளுகிற ஆள் உங்கள் வீட்டுக்குள் ஈயை அனுப்புவானா? அல்லேலூயா! அந்தச் சீட்டு எழுதின சகோதரனோ சகோதரியோ, இன்று நிம்மதியாய்ச் சாப்பிடுங்கள்.

அப்படியானால் ஈ எங்கிருந்து வருகிறது? நாமக்கல் ஜில்லாவில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! தினமும் கோடிக்கணக்கில் முட்டை போகிற ஊர் இது. அத்தனை கோழிக்கும் எச்சம் உண்டு. கூண்டுக்குக் கீழே மாதக்கணக்காய்க் குவிகிறது. அது காய்ந்து கிடந்தால் ஈக்கு உதவாது. குடிக்கிற தண்ணீர்க் குழாய் ஒழுகி, அல்லது சாரல் அடித்து, எரு நசநசவென்று ஈரமானால் அதுதான் ஈக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. ஒரு ஈ ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேலேயே இடும். நம் ஊர் வெயிலுக்கு ஏழிலிருந்து பத்து நாளில் முட்டை புழுவாகி, கூடாகி, ஈயாகிப் பறந்துவிடும். இரண்டு மூன்று கிலோமீட்டர் தாண்டிக்கூட வந்து சேரும். அதற்குப் பல் இல்லை, வீட்டு ஈ கடிக்காது. எச்சிலைக் கக்கி, ஆகாரத்தைக் கரைத்து உறிஞ்சும். எருவில் உட்கார்ந்த காலோடே சாம்பார் கிண்ணத்தின் விளிம்பில் உட்காரும். பேதி, டைபாய்டு இப்படித்தான் பரவுகிறது. செய்வினை இல்லை, ஈரம்!

இங்கே ஒரு வாலிபச் சகோதரன் என்னை மடக்கினார். "கோசேன் நாட்டுல வண்டு வரலையே பாஸ்டர். அப்போ விசுவாசி வீட்டுல ஈ இருந்தா, அந்த வீட்டுல ஏதோ அறிக்கை பண்ணாத பாவம் இருக்குன்னுதானே அர்த்தம்?" நல்ல கேள்விதான், ஆனால் பண்ணைக்குப் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கிற ஏழை விதவையிடம் போய் இதைக் கேட்டுவிடாதீர்கள். கோசேனில் வண்டு வராதது பார்வோன் அறிந்துகொள்ளும்படி கொடுக்கப்பட்ட ஒரு அடையாளம். அதே ஜனங்கள் வனாந்தரத்துக்கு வந்த பிற்பாடு கர்த்தர் என்ன சொன்னார்? பாளயத்துக்கு வெளியே போ, ஒரு சிறு கோலால் மண்ணைத் தோண்டு, மலத்தை மூடிவிடு என்றார் (உபா. 23:12,13). தினமும் அற்புதத்தினாலேயே ஈயை விலக்குவது அவருடைய சித்தமாயிருந்தால் அந்தக் கோல் எதற்கு? மேகஸ்தம்பத்தின் கீழே நடந்த ஜனத்துக்கே மண்வெட்டி வேலை இருந்தது.

கொசுவுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் பயத்தோடேயே எழுதுகிறேன், ஏனென்றால் 2017-ஐ நாம் மறந்துவிடவில்லை. அந்த வருஷம் தமிழ்நாட்டில் இருபத்து மூவாயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்தது, 65 பேர் மரித்தார்கள் என்று அரசாங்கக் கணக்கு. சேலம் ஜில்லாவிலும் காய்ச்சல் கடுமையாய் இருந்தது. நிலவேம்புக் குடிநீருக்குத் தெருத்தெருவாய் வரிசை நின்றது. அந்தச் சமயத்தில் சிலர் 91-ம் சங்கீதத்தை எழுதிக் கதவில் ஒட்டினார்கள். ஒட்டுவது தவறல்ல. ஆனால் அதே வீட்டின் பின்னால் மூடி இல்லாத டிரம். குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருதரம், பத்து நாளைக்கு ஒருதரம் வருகிற தெருக்களில் யார்தான் பிடித்து வைக்காமல் இருப்பார்கள்? டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு சாக்கடைக் கொசு அல்ல. நாம் பத்திரமாய்ப் பிடித்து வைத்த நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிரியம். பகலில் கடிக்கும். டிரம்மின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். அந்த முட்டை மாதக்கணக்காய்க் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் தொட்டவுடனே பொரிக்கும். ஆகையால் தேங்காய் நாரோ பிரஷோ போட்டுத் தேய்க்க வேண்டும். வாரம் ஒருமுறை தேய்த்தால் அது கொசுவாகிப் பறக்க நேரம் கிடைக்காது. ஆட்டுக்கல், பழைய டயர், கொட்டாங்குச்சி, பிரிட்ஜின் பின்னால் இருக்கிற தட்டு, இவைகளையும் பாருங்கள். அபேட் மருந்து ஊற்ற வருகிற பணியாளர்களை "நாங்க சுத்தமாத்தான் இருக்கோம்" என்று வாசலோடே திருப்பி அனுப்பாதீர்கள்.

91-ம் சங்கீதத்தை முதலில் தவறாய்ப் பயன்படுத்தினது யார் தெரியுமா? மத்தேயு 4-ல் சாத்தான்! அந்தச் சங்கீதத்தைச் சொல்லித்தான் தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னான். ஆண்டவர் குதிக்கவில்லை. டிரம்மைத் திறந்து போட்டுவிட்டு அந்த வசனத்தைச் சொல்லுவதும் குதிக்கிறதுதான். எண்ணாகமம் 19:15-ஐப் பாருங்கள். மரணம் நடந்த கூடாரத்திலே மூடிக் கட்டாமல் திறந்திருக்கிற பாத்திரமெல்லாம் தீட்டு. கிருமி என்கிற வார்த்தையே இல்லாத காலத்தில் கொடுத்த பிரமாணம் அது. நம் தேசத்தில் ரொனால்டு ராஸ் என்ற டாக்டர் செகந்திராபாத்தில் 1897 ஆகஸ்டு 20-ம் தேதி கொசுவின் வயிற்றை அறுத்து மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்கு முன்னே நெடுங்காலம் ஜனங்கள் அந்தக் காய்ச்சலுக்குக் கெட்ட காற்று காரணம் என்று நினைத்து ஜன்னலை அடைத்துக்கொண்டு படுத்தார்கள். மலேரியா என்கிற பெயருக்கே கெட்ட காற்று என்றுதான் அர்த்தம். பயம் இருந்தது, பயப்பட வேண்டிய இடம் தெரியவில்லை.

எல்லாப் பூச்சிக்கும் ஒரே பயம் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுவரில் இருக்கிற சிலந்தியை சாலொமோனின் புஸ்தகம் ராஜாவின் அரமனையிலேயே குடிவைத்திருக்கிறது (நீதி. 30:28). அது ஈயையும் கொசுவையும் பிடிக்கிற வேலைக்காரன், விட்டுவிடுங்கள். பூரான் கொட்டினால் வலிக்கும், ஆனால் பெரும்பாலும் ஆபத்தில்லை. தேள் கொட்டினால், விசேஷமாய்ப் பிள்ளைகளுக்கு, உடனே ஆஸ்பத்திரி. இன்னொன்று, மரவள்ளிக்கும் கத்தரிக்கும் அடிக்கிற மருந்தை வீட்டுக்குள் கரப்பானுக்கு அடிக்காதீர்கள். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி அடுப்படியில் வைக்காதீர்கள். ஈயைவிட அந்தப் பாட்டிலுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

நம்முடைய சகோதரி ஒருவரைக் குறித்து, அவருடைய அனுமதியோடே எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டெங்கு வந்து பிழைத்தது. அன்று தொடங்கிற்று. முதலில் பாயை ஒருதரம் உதறினார், பிறகு மூன்றுதரம், பிறகு ராத்திரி முழுவதும் டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிள்ளையின் காதில் பஞ்சு. தரையில் விடுவதில்லை. கடைசியில் "தோலுக்கு அடியில ஓடுதுங்க" என்று சொறிந்து சொறிந்து கையெல்லாம் புண். உறவுக்காரர் சிலர் அசுத்த ஆவி என்றார்கள். மூன்று நாள் பட்டினி போட்டுத் துரத்த வேண்டும் என்றார்கள். தூக்கமில்லாமல் ஏற்கெனவே பாதியாய்ப் போன சரீரத்துக்கு மூன்று நாள் பட்டினி!

எலியா சூரைச்செடியின் கீழே, போதும், நான் சாகிறேன் என்று படுத்தபோது தேவதூதன் அவரை அதட்டினானா? இல்லை. எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்க விட்டான் (1 இரா. 19). என் மனைவி அந்தச் சகோதரியோடே நான்கு ராத்திரி தங்கினாள். பிள்ளையை அவள் மடியில் வைத்துக்கொண்டு இவரைத் தூங்கச் சொன்னாள். பிறகு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். அந்த டாக்டர் ஆச்சரியப்படவேயில்லை. தோலுக்குள் பூச்சி ஓடுகிறதாகத் திடமாய் நம்புகிற இந்த வியாதியை 1938-லேயே சுவீடன் தேசத்து எக்போம் என்கிற டாக்டர் விவரித்து எழுதியிருக்கிறாராம். மாத்திரை கொடுத்தார். பல வாரம் ஆயிற்று. இப்பொழுது புண் ஆறிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வருகிறார், பாயை இன்னும் ஒருதரம் உதறுகிறார். உதறட்டும், நல்ல பழக்கம்தானே.

மாத்திரை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், பவுலோடேகூட ஊழியத்தில் நடந்த லூக்காவின் தொழில் என்ன என்று கேளுங்கள் (கொலோ. 4:14). ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நானும் ஒவ்வொரு நாளும் ஜெபித்தேன். வீட்டில் யாருக்காவது பயம் இப்படி அளவு மீறிப் போனால் மாவட்ட அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அல்லது 14416-க்குப் போன் பண்ணுங்கள். 2022-ல் தொடங்கின டெலி மானஸ் என்கிற அரசாங்க இலவச எண் அது, தமிழிலேயே பேசலாம். பெயர் போடாத சீட்டு எழுதினவர்கள் என்னிடமும் வரலாம், அல்லது என் மனைவியிடம்.

இனி, பண்ணை வைத்திருக்கிற நம் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. கோபிக்க வேண்டாம். உங்கள் தசமபாகத்தில் இந்தச் சபையின் கூரை நிற்கிறது என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருந்தால் நான் கூலிக்கு மேய்க்கிறவன். குழியைத் தோண்டி மூடாமல் விட்டவன், அதில் பிறனுடைய மாடு விழுந்தால் கிரயம் கொடுக்க வேண்டும் என்று நியாயப்பிரமாணம் சொல்லுகிறது (யாத். 21:33,34). உங்கள் ஷெட்டில் ஒழுகுகிற குழாய் ஒரு மூடாத குழி. எருவைக் காய வையுங்கள், ஒழுகலை அடையுங்கள், சுண்ணாம்பு தூவுங்கள், லாரியில் ஏற்றும்போது தார்ப்பாய் போட்டுக் கட்டுங்கள். தீவனத்தில் கலக்கிற புழு மருந்து முதலானவற்றுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டால் சொல்லுவார்கள். உங்கள் பண்ணைக்குக் கீழ்க்காற்றில் இருக்கிற வீட்டில் ஒருநாள் மத்தியானம் உட்கார்ந்து ஒரு வாய் சோறு சாப்பிட்டுப் பாருங்கள்.

வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாலிபர்கள் ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து சபையார் வீடுகளில் தொட்டி, டிரம் தேய்த்துக் கொடுப்பார்கள். வயதானவர்கள், தனியாய் இருக்கிற சகோதரிகள் வீட்டுக்கு முதலில். விசுவாசியல்லாத அண்டை வீட்டார் கேட்டாலும் செய்து கொடுங்கள், துண்டுப்பிரதி கொடுப்பதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். டிரம் வாயில் கட்டப் பழைய வேட்டித் துணியும் சணல் கயிறும் இருப்பவர்கள் வெள்ளி உபவாச ஜெபத்துக்கு வரும்போதே எடுத்து வாருங்கள். பிரஷ் சபைச் செலவில் வாங்கியாயிற்று.