கடைசியாகத் தொட்ட கை

மூன்று வருடங்களுக்கு முன் திருப்புட்குழி அத்தையை ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருந்தோம். சிறுநீரில் தொடங்கிய தொற்று ரத்தத்தில் பரவி, ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து சிரிஞ்ச் பம்ப் வழியாக, மணிக்கு இத்தனை மில்லி என்ற கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் இரவு நான் உள்ளே நின்றிருந்தபோது அந்தப் பம்ப் கத்தியது. பிறகு அணைந்தது. திரையில் அழுத்தத்தின் எண்கள் இறங்கின. அடுத்த கட்டிலிலிருந்து ஓடிவந்த நர்ஸ் வேறு பம்ப்பை மாற்றினாள். அத்தை பிழைத்துக்கொண்டார்.

“தூங்கிட்டிருந்தீங்களா சிஸ்டர்?” என்று கத்தினேன். அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. “இந்த மிஷின்ல பேட்டரி நிக்காதுக்கா. ரெண்டு தடவ எழுதிக் குடுத்திருக்கேன்” என்றாள். கட்டிலை நகர்த்தியபோது பிளக் தளர்ந்திருந்தது. பேட்டரி தாங்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அது எனக்கு அப்போது காதில் ஏறவில்லை. காலையில் அவள் பெயரைக் குறிப்பிட்டுப் புகார் எழுதிக் கொடுத்தேன். அவளிடம் விளக்கக் கடிதம் வாங்கினார்கள். பேட்டரியை மாற்றாமல் விட்டவரிடம் யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

பெண்ணியம் பேசும், எழுதும் ஒருத்தி அப்படி நடந்துகொண்டது எப்படி என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். பிழை நேர்ந்ததும் கண்ணில் படுவது கடைசியாகத் தொட்ட கைதான். அதற்கு முன்னால் அந்தக் கருவியை வடிவமைத்த கை, வாங்கிய கை, பழுது பார்க்காமல் விட்ட கை எதுவும் கட்டிலருகே இருப்பதில்லை. கட்டிலருகே இருப்பது பெரும்பாலும் ஒரு பெண்ணின் கை.

2006-இல் கனடாவின் எட்மண்டன் நகரில் புற்றுநோய் சிகிச்சை பெற்றுவந்த 43 வயதுப் பெண் ஒருவருக்கு, நான்கு நாட்களில் ஏற வேண்டிய ஃபுளூரோயூராசில் மருந்து நான்கு மணி நேரத்தில் ஏறிவிட்டது. அவர் சில வாரங்களில் இறந்துபோனார். மணிக்கு 1.2 மில்லி என்று வைக்க வேண்டிய பம்ப்பில் 28.8 என்று வைத்திருந்தார்கள். 28.8 என்பது ஒரு நாளுக்கான அளவு. அதை 24-ஆல் வகுக்க விட்டுப்போனது. இன்னொரு நர்ஸும் சரிபார்த்திருந்தார். அவர் கண்ணுக்கும் தப்பியது. பின்னர் நடந்த விசாரணை நர்ஸ்களோடு நிற்கவில்லை. மருந்துச் சீட்டில் இரண்டு எண்களும் அருகருகே இருந்தன. பம்ப்போ 28.8 என்றதும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

இதே 24 வேறொரு இடத்திலும் இடறியது. கிரேஸ்பி என்ற சிரிஞ்ச் பம்ப்பில் இரண்டு வகை உண்டு. உருவம் ஒன்று, நிறம்தான் வேறு. நீலத்தில் வைக்கும் எண் ஒரு மணிக்கு. பச்சையில் வைக்கும் எண் ஒரு நாளுக்கு. ஒன்றை மற்றொன்றாக நினைத்துவிட்டால் ஒரு நாள் மார்ஃபின் ஒரு மணியில் ஏறிவிடும். அந்த வகைக் கருவிகளைக் கைவிடும்படி பிரிட்டன் தன் மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தியது 2010-இல்தான். அதே ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 2005 முதல் 2009 வரை இத்தகைய பம்ப்களைப் பற்றி ஏறத்தாழ 56,000 புகார்கள் வந்ததாகச் சொன்னது. சில பம்ப்களில் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பலமுறை அழுத்தியதாகப் பதிவானது. பிழைகளில் பல வடிவமைப்பிலேயே இருந்தவை என்பது அவர்கள் கண்டது.

நான் கருவிக்கு எதிரியல்ல. பம்ப் இல்லாத பிரசவ வார்டுகளில் நர்ஸ்கள் கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணித்தான் ஆக்ஸிடோசின் ஏற்றுகிறார்கள். நல்ல பம்ப் அந்தப் பாரத்தை இறக்கி வைக்கும்.

“அப்படியானால் நர்ஸுக்குப் பொறுப்பே இல்லையா?” என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. பழியும் பொறுப்பும் ஒன்றல்ல என்பது என் பதில். பழி ஓர் ஆளைத் தேடும்; கிடைத்ததும் அடங்கிவிடும். பொறுப்பு, இது மறுபடி நடக்காமலிருக்க யாரால் என்ன செய்ய முடியும் என்று கேட்கும். மாற்றும் அதிகாரம் எங்கே கூடுதலாக இருக்கிறதோ அங்கே பொறுப்பும் கூடுதலாக இருக்க வேண்டும். அந்தப் பெண் தன் பங்கைச் செய்திருந்தாள். இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தாள். அவளிடம் இல்லாதது அதிகாரம்.

மருத்துவக் கருவிகளால் நேரும் தீங்குகளைப் பதிவுசெய்ய இந்தியாவில் 2015 முதல் ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. நர்ஸும் அதற்கு எழுதலாம். ஆனால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அரசு நர்ஸ்கள் போராடியபோது அவர்களுடைய தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். பணி நிரந்தரமில்லாத ஒருத்தி, கருவி சரியில்லை என்று தன் மேலிடத்தைத் தாண்டி எழுதிவிடுவாளா?

அத்தை வீடு திரும்பியதும் இதையெல்லாம் சொன்னேன். அவருக்குக் குழந்தை இல்லை. திருப்புட்குழி மரகதவல்லித் தாயார் கோயிலில் குழந்தை வேண்டும் பெண்கள் வறுத்த பயறை ஈரத்தோடு மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள். முளைத்தால் வேண்டுதல் பலிக்கும் என்பது நம்பிக்கை. அத்தையும் மூன்று அமாவாசை கட்டிக்கொண்டவர்.

“தாயாரை நான் குத்தம் சொல்ல மாட்டேன்மா. வறுத்த பயிறு முளைக்கலன்னு வீட்ல என்னைத்தான் பேசுனாங்க. உங்க மாமாவை யாரும் எதையும் கட்டிக்கச் சொல்லல” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பொண்ணு மேல எழுதிக் குடுத்தியே, திருப்பி வாங்கிக்க முடியாதா?” என்று கேட்டார்.

போனேன். அவள் வேலையை விட்டுப் போயிருந்தாள். பேட்டரியைப் பற்றி எழுதிய கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய கடிதம் அது.