ஒட்டிய கை யாருடையது?

1962 மே 23. அமெரிக்காவின் பாஸ்டனை ஒட்டிய சாமர்வில்லில் சரக்கு ரயிலில் தொற்றிச் சென்ற 12 வயதுச் சிறுவனின் வலக்கை தோளுக்குச் சற்றுக் கீழே துண்டாகிப் போனது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டாக்டர் ரொனால்டு மால்ட் குழுவினர் எலும்பையும் ரத்தக் குழாய்களையும் இணைத்துக் கையைப் பிழைக்க வைத்தார்கள். முழுதாகத் துண்டான கை மறுபடி உயிர்பெற்றது அதுவே முதல்முறை. நரம்புகளை மட்டும் அன்று தைக்கவில்லை. அதற்குச் சில மாதங்கள் ஆயின.

அந்த மாதங்களில் அது யாருடைய கை?

உடலைவிட்டுப் பிரிந்த கை பெயருக்குத்தான் கை, கல்லில் செதுக்கிய கையைப்போல என்றார் அரிஸ்டாட்டில். வேலை செய்தால்தான் அவருக்கு அது கை. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக்கின் அளவுகோல் உணர்வு. சூடும் குளிரும் தெரியாமல் போன கை ‘நான்’ என்பதிலிருந்து கழன்றுவிட்டது என்பார். சிறுவனின் கையில் ரத்தம் ஓடியது, தொட்டால் தெரியவில்லை. லாக் கணக்குப்படி அது அந்நியப் பொருள்.

உடல் லாக்கைப் படித்ததில்லை போலும். ஒட்டவைத்த கையின் முதல் எக்ஸ்ரேயில் பிளேட்டுக்கும் திருகுகளுக்கும் நடுவே இரு எலும்பு முனைகளைப் பிரிக்கும் கறுப்புக் கோடு தெரியும். வாரங்கள் போகப் போக அதைச் சுற்றி வெண்மூட்டமாகப் புது எலும்பு படர்ந்து கோடு மங்கும். நரம்போ நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. தான் வளரும், மேற்கையிலிருந்து விரல்நுனியை எட்ட ஓராண்டுக்கு மேலாகும். ஆக, உணர்வு வந்து சேருமுன்பே எலும்பு உறவு கொண்டாடிவிடுகிறது.

அரிஸ்டாட்டிலுக்கோ எக்ஸ்ரே பெரும்பாலும் சாதகம். சுமக்கும் பாரத்துக்கேற்ப எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும் என்று ஜெர்மன் மருத்துவர் யூலியுஸ் வோல்ஃப் 1892-இல் எழுதினார். அசையாமல் கிடக்கும் கையில் விரலெலும்புகள் சுண்ணாம்புச் சத்தை இழந்து, படத்தில் வெண்மை குன்றித் தெரியும். மூட்டுகளின் இடைவெளி குறுகலாம், விறைத்தும் போகலாம். எலும்பை நீளச் செய்யும் வளர்ச்சித்தட்டு அடிபட்ட குழந்தைகளுக்கு ஒட்டிய பக்கம் குட்டையாகிவிடுவதும் உண்டு. பயிற்சி கொடுத்து வேலை வாங்கினால் எலும்பின் அடர்த்தி ஓரளவு மீளும்.

ஆனாலும் லாக்கை ஒரேயடியாக ஓரங்கட்ட முடியாது. 1998-இல் பிரான்சின் லியோன் நகரில் நியூசிலாந்துக்காரர் கிளின்ட் ஹாலமுக்கு இறந்த ஒருவரின் கையைப் பொருத்தினார்கள். அந்தக் கையோடு அவர் மனம் ஒட்டவில்லை. உடல் அதை நிராகரிக்காமலிருக்கத் தரப்பட்ட மருந்துகளையும் நிறுத்திவிட்டார். அவரே கேட்டுக்கொண்டதால் 2001-இல் லண்டனில் அதை அகற்றினார்கள்.