கண்டதையே காணுதல்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கோடைக்காலத்தில், இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்ப் பங்கு ஒன்றில் இரண்டு மாதம் உதவிப்பணி ஆற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அங்கிருந்த பங்குத்தந்தை எழுபத்தைந்தைக் கடந்தவர். சனிக்கிழமை மாலைத் திருப்பலி முடிந்து, சூப்பும் ரொட்டியும் உண்டபின், ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்துவிடுவார். அவர் விரும்பிப் பார்த்தது பி.பி.சி. ஃபோர் என்னும் அலைவரிசை. முதல் வாரம் நாமும் அவரோடு அமர்ந்தோம். சிசிலித் தீவின் காவல்துறை அதிகாரியான மொந்தல்பானோ துப்புத் துலக்கும் கதை திரையில் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு இத்தாலியம், அடியில் ஆங்கில எழுத்து.

"இதை முன்பே பார்த்திருக்கிறீர்களா, ஃபாதர்?" என்று கேட்டோம்.

"நான்கைந்து முறை இருக்கும்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

நமக்கு அது வியப்பாக இருந்தது. மறைக்காமல் சொன்னால், சற்று ஏளனமாகவும் இருந்தது. குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்ட துப்பறியும் கதையில் பார்ப்பதற்கு இன்னும் என்ன மிச்சம்? கடவுள் தந்த நேரத்தை வீணாக்குதல் குறித்துக் குருமடத்தில் கேட்ட தியான உரைகளெல்லாம் நினைவுக்கு வந்தன. ஆயினும் இரண்டு மாதமும் ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் அவருடன் அமர்ந்தோம். அன்று தொட்டு நம் உள்ளத்தில் கிடக்கும் கேள்வியை இங்கே வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். கண்டதையே மீண்டும் கண்டு மகிழ்வதும், நமக்கு எவ்வகையிலும் உறவில்லாத அயல்நாட்டாரின் கற்பனைத் துயரத்தில் ஒரு மாலைப்பொழுதைக் கழிப்பதும் குற்றமற்ற இன்பந்தானா?

அவ்வலைவரிசையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 2002 மார்ச் 2-ஆம் நாள் அது தொடங்கப்பெற்றது. கலை, வரலாறு, அறிவியல், இசை ஆகியவற்றுக்கென ஏற்பட்டது. 2021 முதல் புதிய நிகழ்ச்சிகளைத் தயாரிப்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, பி.பி.சி.யின் பழைய கருவூலத்தைத் திறந்து காட்டுவதே தன் பணியெனக் கொண்டது. இதற்குச் செலவைக் குறைக்கும் நோக்கமே முதற் காரணம் என்பதையும் சொல்லிவிடவேண்டும். வறுமையால் பழைய பெட்டியைத் திறந்த வீட்டில் பாட்டியின் நகை அகப்பட்டது போன்ற கதைதான். இவற்றோடு அயல்மொழித் தொடர்களையும் அது பிரிட்டன் மக்களுக்குப் பழக்கிவைத்தது. பிரான்சின் 'ஸ்பைரல்' 2006-இலும், டென்மார்க்கின் 'தி கில்லிங்' 2011-இலும், அந்நாட்டின் 'போர்கன்' 2012-இலும் அதில் வந்தன. பிறமொழிப் படைப்புகளை எளிதில் ஏற்காத ஆங்கிலேயர், டேனிய மொழியைக் கேட்பதற்காகச் சனிக்கிழமை இரவுகளில் வீட்டில் தங்கினார்கள்.

நாம் எழுப்பிய கேள்வி புதியதன்று. புனித அகுஸ்தினார் தம் 'ஒப்புதல்கள்' நூலின் மூன்றாம் பகுதியில், கார்த்தேசு நகரில் நாடகங்களுக்கு அடிமையாகிக் கிடந்த தம் இளமையை நினைத்துக் கேட்பது இதுவேதான். தன் வாழ்வில் நேரக் கூடாதென்று மனிதன் அஞ்சும் துன்பத்தையே மேடையில் கண்டு அழ விரும்புகிறானே, ஏன்? அந்த அழுகையை இரக்கம் என்று சொல்லலாமா? மேடையில் துன்புறுபவனுக்கு உதவ எவரும் பார்வையாளனை அழைப்பதில்லை. வருந்துவதற்கு மட்டுமே அழைக்கிறார்கள். செயலுக்கு இடமில்லாத இரக்கம் எத்தகைய இரக்கம்? அதே நூலின் தொடக்கப் பகுதியில், கதையில் மாண்ட திதோ அரசிக்காகக் கண்ணீர் விட்ட தாம், தம் ஆன்மாவின் சாவுக்கு அழவில்லையே என்றும் நொந்துகொள்கிறார். பதினாறு நூற்றாண்டுகள் கழிந்தும் இந்த முள் மழுங்கவில்லை. தொலைக்காட்சியின் முன் அமரும் எவரையும் அது குத்தவே செய்யும்.

புனித தோமா அக்குவினார் நமக்குச் சற்று இளைப்பாறுதல் தருகிறார். விளையாட்டும் பொழுதுபோக்கும் ஆன்மாவின் ஓய்வு என்றும், அதில் அளவறிந்து நிற்பது ஒரு நற்பண்பு என்றும் அவர் கற்பிக்கிறார். சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்த புனித யோவானைக் கண்டு முகம் சுளித்தவனுக்கு, வில்லை ஓயாமல் வளைத்தே வைத்திருந்தால் முறிந்துவிடும் அல்லவா என்று அவர் உணர்த்திய பழங்கதையையும் எடுத்துக்காட்டுகிறார். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1958-இல் தொலைக்காட்சிக்கே ஒரு பாதுகாவலரைத் தந்தார். நோயுற்றுக் கோயிலுக்குப் போக இயலாமல் படுக்கையில் கிடந்த புனித கிளாரா, கிறிஸ்து பிறப்பு இரவின் வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டார் என்ற மரபே அதற்குக் காரணம். ஆகவே, பார்ப்பது பாவமா என்று நாம் கேட்கவில்லை. அகுஸ்தினாரின் கேள்வி அதைவிட நுண்மையானது. பார்த்த இரக்கம் எங்கே போகிறது?

மறுமுறை காண்பதில் ஒரு வேறுபாடு உண்டென்பதை அந்தச் சனிக்கிழமைகளில்தான் உணர்ந்தோம். முதன்முறை காணும்போது நம்மை ஆட்டிவைப்பது 'அடுத்து என்ன?' என்னும் அவா. அதன் கையில் மனிதரெல்லாம் வெறும் தடயங்களாகிவிடுகின்றனர். இந்தக் கிழவி பொய் சொல்கிறாளா, இந்தப் பையன் எங்கே இருந்தான் என்று கணக்குப் போடுகிறோமே ஒழிய, அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. முடிவு தெரிந்தபின் அந்த அவா அடங்கிவிடுகிறது. மொந்தல்பானோ பேச்சின்றி மீன் உணவை உண்ணும் நிதானமும், சாட்சி சொல்ல வந்த ஏழைப் பெண் நாற்காலியின் நுனியில் அமர்ந்திருக்கும் விதமும் அப்போதுதான் கண்ணில் படுகின்றன. தெருக்கூத்தின் முன் விடியவிடிய அமர்ந்திருந்த நம் முன்னோருக்குத் துரியோதனன் தோற்பான் என்று தெரியாதா? ஆண்டுதோறும் குருத்து ஞாயிறன்றும் பெரிய வெள்ளியன்றும் ஆண்டவருடைய பாடுகளின் வரலாற்றை வாசிக்கிறோம். 'இது போன ஆண்டே கேட்டதுதானே' என்று எவரும் எழுந்து போவதில்லை. சேவல் கூவும் இடம் வரும்போது, ஒவ்வோர் ஆண்டும் நாம் நிற்கும் இடம்தான் வேறாகிறது.

'தி கில்லிங்' தொடரைப் பின்னர் முழுதும் பார்த்தோம். இருபது பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு நாளின் கதை. கோபன்கேகனில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி கொலையுண்கிறாள். இத்தகைய கதைகளில் பிணம் கிடைத்ததும் பெற்றோர் ஒரு காட்சியில் கதறிவிட்டு மறைந்துபோவது வழக்கம். இங்கே அவர்கள் மறைவதில்லை. சாமான் ஏற்றியிறக்கும் தொழில் நடத்தும் தந்தையும் தாயும், மகள் இல்லாத வீட்டில் எஞ்சிய இரு சிறுவரை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பவேண்டும். சவ அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யவேண்டும். வேலைக்கு வரும் ஆட்களுக்கு முகம் கொடுக்கவேண்டும். இருபது நாளும் அந்த வீட்டுக்குள் நம்மை இருக்க வைக்கிறார்கள். துக்க வீட்டிற்குப் போய், செபித்து, காப்பி அருந்தி, அரைமணியில் திரும்பிவிடும் குருவாகிய நமக்கு, திரும்பியபின் அவ்வீட்டில் நடப்பது என்ன என்பதை ஒரு டேனிய நாடகம் காட்ட வேண்டியிருந்தது.

அயல்மொழி என்பதும் இதில் ஓர் உதவியே. தெரிந்த மொழியில் ஓடும் தொடரைப் பார்த்துக்கொண்டே கீரை ஆயலாம், தொலைபேசியில் பேசலாம். தெரியாத மொழியில் அது முடியாது. அடியில் உள்ள எழுத்தைத் தவறவிட்டால் கதையே தவறிவிடும். வேறு வேலையின்றி, ஒரு மணிநேரம் அந்நியர் ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். நம் வீடுகளில் ஒருவர்க்கொருவர் அத்தனை கவனம் தருகிறோமா என்பது ஐயமே.

இனி, கருவூலத்தின் மறுபக்கத்தையும் காணவேண்டும். பி.பி.சி. 1970-களின் பிற்பகுதி வரை தன் நிகழ்ச்சிகள் பலவற்றைத் தானே அழித்துவந்தது. ஒளிப்பதிவு நாடாவின் விலை மிகுதி. ஆகவே ஒன்றை அழித்து அதன்மேல் மற்றொன்றைப் பதிந்தனர். நடிகர் சங்கத்தோடு செய்திருந்த உடன்பாடுகள் மறுஒளிபரப்பைக் கட்டுப்படுத்தின. வண்ணத் தொலைக்காட்சி வந்தபின், கறுப்பு வெள்ளைப் படத்தை இனி யார் பார்ப்பார் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. சிறுவர் முதல் முதியோர் வரை விரும்பிய 'டாக்டர் ஹூ' தொடரில் 1960-களின் பகுதிகள் தொண்ணூறுக்கும் மேல் இழக்கப்பட்டன. 1969 சூலையில் மனிதன் நிலவில் கால் வைத்த இரவில், தன் அரங்கிலிருந்து பி.பி.சி. வழங்கிய ஒளிபரப்பின் பெரும்பகுதியே இன்று இல்லை. 1978-இல் முறையான காப்பகம் அமைந்தபின்தான் இவ்வழிவு நின்றது. அதன்பின் தேடல் தொடங்கியது. 'டாட்ஸ் ஆர்மி' என்னும் நகைச்சுவைத் தொடரின் தொலைந்த பகுதிகள் இரண்டு 2001-இல் ஒரு தோட்டக் கொட்டகையிலிருந்து வெளிவந்தன. 'டாக்டர் ஹூ'வின் ஒன்பது பகுதிகள் நைஜீரியாவில் கிடைத்ததாக 2013-இல் அறிவித்தார்கள்.

அழித்தவர்களைக் குறைகூற நமக்கு வாய் எழவில்லை. நம் தாயார் இராமநாதபுரம் கடற்கரையில் பிறந்தவர். தனுஷ்கோடியைக் கடல் கொண்ட 1964 டிசம்பர்ப் புயலின்போது தம் ஊரார் கோயிலுக்குள் ஒதுங்கிய கதையை அவர் சொல்லாத விடுமுறை இல்லை. குருமாணவராயிருந்தபோதும் கேட்டோம்; குருவானபின்னும் கேட்டோம். 'தண்ணி வாசப்படிக்கு வந்துருச்சு' என்று அவர் தொடங்கும்போதே, "அதான் சொல்லிட்டீங்களே அம்மா" என்று எத்தனை முறை இடைமறித்திருப்போம்! அவர் சிரித்துக்கொண்டே நிறுத்திவிடுவார். அன்றிரவு பூட்டிக் கிடந்த கோயில் கதவை உடைத்துத் திறந்த மனிதர் ஒருவர் அக்கதையில் உண்டு. அவர் பெயரைத் தாயார் ஒவ்வொரு முறையும் தவறாமல் சொல்வார். அவர் குடும்பத்துக்காக ஒரு செபமும் சேர்த்துச் சொல்வார். தாயார் இறைவனடி சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பெயர் நமக்கு நினைவில் இல்லை. உடன்பிறந்தோரிடம் கேட்டோம், அவர்களுக்கும் இல்லை. நூறு உயிர்களுக்குக் கதவு திறந்தவர் பெயரைக் கேட்டுக் கேட்டுச் சலித்தே அழித்துவிட்டோம். நாடாவின் விலையாவது அங்கே ஒரு காரணமாக இருந்தது.

பழையதெல்லாம் போற்றத்தக்கதோ என்றால், இல்லை. 1958 முதல் 1978 வரை, வெள்ளையர் தம் முகத்தில் கரிபூசிக் கறுப்பின மக்களைப் போல் பாடி ஆடிய நிகழ்ச்சி ஒன்றையும் இதே நிறுவனம் நடத்திற்று. 1961-இல் அது பன்னாட்டுப் பரிசும் பெற்றது. 1967-இல் எதிர்ப்பு மனு எழுந்தும் மேலும் பதினோராண்டு நீடித்தது. இன்று அதை மறுஒளிபரப்புவதில்லை. எரித்துவிடவேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவத்தை நினைவுகூருகிறோமே தவிர, அதைச் சுவைத்துச் சொல்வதில்லை. அதுவே இங்கும் பொருந்தும் எனத் தோன்றுகிறது.

பிழையோடு கூடிய பேருண்மையும் பழைய படங்களில் உண்டு. ஜேக்கப் பிரனோவ்ஸ்கி என்னும் அறிஞர் 1973-இல் வழங்கிய 'தி அசென்ட் ஆஃப் மேன்' தொடரில் ஒரு காட்சி வருகிறது. போலந்தில் பிறந்த யூதரான அவருடைய உறவினர் பலர் ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டவர்கள். எரிக்கப்பட்டவர்களின் சாம்பல் கொட்டப்பட்ட குளத்தின் கரையில் பேசிக்கொண்டே வருகிறார்; காலணியும் கோட்டும் அணிந்தபடியே தண்ணீரில் இறங்கி, குனிந்து, சேற்றை ஒரு கை அள்ளுகிறார். அங்கே மடிந்தோர் நாற்பது இலட்சம் என்கிறார். பிற்கால ஆய்வு அதனை ஏறக்குறைய 11 இலட்சம் எனத் திருத்தியுள்ளது. அவர்களுள் புனித மாக்சிமிலியன் கோல்பேயும் ஒருவர். இன்று காண்பவர் அந்த எண்ணைத் திருத்தியே கேட்கவேண்டும். சேற்றை அள்ளிய கையில் திருத்த ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டே பிரனோவ்ஸ்கி காலமானார்.

அந்த இரண்டு மாதங்களின் கடைசிச் சனிக்கிழமை மீண்டும் மொந்தல்பானோ வந்தார். முதியவருக்குத் தெரிந்த கதை, நமக்குப் புதிது. முடிய இன்னும் கால்மணி இருக்கையில் தொலைபேசி ஒலித்தது. மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள், நோயில்பூசுதல் வேண்டிய ஒரு மூதாட்டி. நாம் போகிறோம் என்று சொல்லியிருக்கவேண்டும். வயதில் இளையவர் நாம். உதவிப்பணிக்கென்றே சென்றவர் நாம். "போய் வரட்டுமா?" என்று நாம் கேட்டது அரைமனத்தோடு என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. "நீர் உட்காரும். எனக்கு இதன் முடிவு தெரியும்" என்றார். புனித எண்ணெயையும் மேலங்கியையும் எடுத்துக்கொண்டு மழையில் வண்டியைக் கிளப்பினார்.

நாம் இறுதிவரை இருந்து பார்த்தோம். கொன்றது யாரென்று தெரிந்துகொண்டோம். அது இப்போது மறந்துபோயிற்று. பதினொன்றரை மணிக்கு அவர் திரும்பி வந்து, நனைந்த தொப்பியைக் கதவின் பின்னால் மாட்டிவிட்டு, தேநீர் இருக்கிறதா என்று கேட்டார். அந்த அம்மா தம் திருமண நாளின் கதையை இருமுறை சொன்னதாகச் சொன்னார்.