விரதம் வேற, பட்டினி வேற



காலேஜ் படிக்கும்போது தாம்பரத்துல நாலு பேர் ஒரே ரூம்ல இருந்தோம். அதுல ஒருத்தன் செவ்வாய்க்கிழமை சாப்பிட மாட்டான். கேட்டா "முருகனுக்கு விரதம் மச்சி"ன்னு சொல்வான். அப்புறம் வெள்ளிக்கிழமையும் சேர்ந்துச்சு. கிருத்திகை, சஷ்டின்னு வளர்ந்துக்கிட்டே போச்சு. எவ்வளவு பக்தின்னு நாங்க பெருமையா பேசிக்குவோம். ஒரு மாசக் கடைசிலதான் விஷயம் புரிஞ்சுது. மெஸ்ஸுக்குக் கட்ட காசு இல்லாத நாளெல்லாம் அவனுக்கு விரத நாள்.

அந்த ஞாயித்துக்கிழமை குன்றத்தூர் முருகனைப் பார்க்கக் கூட்டிட்டுப் போனேன். தரிசனம் முடிஞ்சு அன்னதானத்துக்குக் கூப்பிட்டா வரல. "அது இல்லாதவங்களுக்குடா. காலேஜ் படிக்கிற நான் உக்காந்தா, இன்னொருத்தர் சோத்தை எடுத்த மாதிரி ஆயிடும்"னு சொன்னான்.

அவன் சொன்னது நேர்மையான வார்த்தைதான். ஆனா அது சரியா?

பழனில நம்ம அப்பன் எப்படி நிக்கிறான்? கோவணம், கையில தண்டு. உலகத்துக்கே படியளக்கிறவன் ஆண்டியா நிக்கிறான். வாங்கிச் சாப்பிடுறது கேவலம்னா, அந்தக் கோலத்தை அவன் எடுத்திருப்பானா? அதே பழனில 2012-லேர்ந்து நாள் முழுக்க அன்னதானம் நடக்குது. கார்ல வந்தவரும் பாத யாத்திரை வந்தவரும் ஒரே பந்தி. வருமானச் சான்றிதழ் யாரும் கேக்கறதில்ல. எல்லாரும் சாப்பிடுற இடத்துல யாருக்கும் வெக்கம் வராது.

நம்ம ஊர்ல சத்துணவு பத்தாம் வகுப்போட முடிஞ்சிடும். பசி அதோட முடியுறதில்ல. அதனாலதான் 2022 நவம்பர்ல பழனி கோயில், தான் நடத்துற பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் காலை டிபன் போட ஆரம்பிச்சது எனக்குப் பெரிய விஷயமா படுது. உண்டியல்ல நாம போடுற காசு, படிக்கிற பிள்ளையோட தட்டுல இட்லியா வந்து விழுது.

எங்க காலத்துல இல்லாத உதவியும் இப்ப இருக்கு. அரசுப் பள்ளில ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் படிச்சு காலேஜ் சேர்ந்த பொண்ணுங்களுக்கு 2022-லேர்ந்து புதுமைப் பெண், பசங்களுக்கு 2024-லேர்ந்து தமிழ்ப் புதல்வன். மாசம் 1,000 ரூபா பேங்க் அக்கவுண்ட்டுக்கே வரும். ஆனா ஆதார் லிங்க் ஆகலன்னா பணம் நின்னுடும். ஆபீஸ்ல நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கிற நமக்கு அதைச் சரிபண்ண உதவுறது அரை மணி நேர வேலை. முதல் தலைமுறையா காலேஜ் வந்த பிள்ளைக்கு அது ஒரு மலை. கூடப் போய் நிக்கறதும் ஒரு அன்னதானம்தான்.

ஒண்ணே ஒண்ணு. உதவி பண்ணும்போது போட்டோ எடுக்காதீங்க. "உனக்கு நிஜமாவே கஷ்டமா?"ன்னு விசாரணை வைக்காதீங்க. பசியை நிரூபிக்கச் சொல்றது பசியை விடக் கொடுமை.

அன்னிக்கு நான் மேல எதுவும் பேசல. போய் முதல்ல உக்காந்தேன். கொஞ்ச நேரத்துல அவனும் வந்து பக்கத்துல உக்காந்தான். ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

உங்க ரூம்லயும் யாராவது அடிக்கடி விரதம் இருந்தா, கொஞ்சம் கவனிங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!