மீதிக் கால்வாசி எவ்வளவு சென்ட்?

கேள்வி: பனியன் கம்பெனி நடத்துகிறேன். சரக்கு எப்போது வரும் என்று கேட்பவர்களிடம் "ஆண்டவர் சித்தமானால் வெள்ளிக்கிழமை" என்று சொல்வது வழக்கம். இது பொய்யில் சேருமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: துணி சாயப்பட்டறையிலிருந்தே திரும்பவில்லை என்று உங்களுக்குத் தெரியும். பிறகு எதற்கு அவர் சித்தத்தை இழுக்கிறீர்கள்? யாக்கோபு தம் திருமுகத்தில் அப்படிச் சொல்லச் சொன்னது, நாளை என்ன ஆகும் என்று தெரியாதவர்களுக்கு. "சாயம் ஆகலீங்க, திங்கக்கிழமை ஆயிரும்" என்று சொல்லிப் பாருங்கள். பார்ட்டி திட்டுவார், அவ்வளவுதான்.

கேள்வி: தம்பியோடு தோட்டத்து வரப்புத் தகராறு. பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தால் விட்டுக்கொடுத்துவிடுவதாகச் சொல்கிறான். என் பக்கம் முக்கால்வாசி நியாயம் இருக்கிறது. செய்யலாமா?
– ஒரு வாசகர், சோமனூர்

பதில்: மீதிக் கால்வாசி எவ்வளவு சென்ட்? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே.

வானத்தின் மேல் ஆணையிடாதே, பூமியின் மேலும் வேண்டாம், உன் தலையின் மேலும் வேண்டாம் என்று மலைப்பொழிவில் ஆண்டவர் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வருகிறார். நாமோ அந்த வசனம் இருக்கிற புத்தகத்தின் மேலேயே கை வைக்கிறோம்! தவிர்க்க முடியாத காரியத்துக்குச் சத்தியம் செய்யத் திருச்சபை இடம் கொடுக்கிறது, மறுக்கவில்லை. முக்கால்வாசிக்கு இடம் கொடுக்கவில்லை.

உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் கருமத்தம்பட்டி இருக்கிறது. அக்டோபரில் தேருக்குப் போயிருப்பீர்கள். 1846 அக்டோபர் 4 அன்று அங்கேதான் 32 வயது பிரெஞ்சுச் சாமியார் ஒருவரை ஆயராகத் திருநிலைப்படுத்தினார்கள். மரியோன் பிரெசில்லாக், கோவையின் முதல் ஆயர். அவரை அரித்தது ஒரு சத்தியம். தென்னாட்டு மிஷனுக்கு வரும் சாமியார்கள் இங்குள்ள சாதி வழக்கங்களிலும் சடங்குகளிலும் எதை அனுமதிக்கலாம், எதைக் கூடாது என்று திருத்தந்தை 14-ம் பெனடிக்ட் 1744-ல் ஆணை போட்டிருந்தார். அதன்படி நடப்பதாக ஒவ்வொருவரும் சத்தியம் செய்தாக வேண்டும். காகிதத்தில் இருந்தது ஒன்று, ஊரில் நடந்தது இன்னொன்று. பலர் தங்களுக்குத் தோதாக ஓர் அர்த்தம் பண்ணிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். இவருக்குத் தூக்கம் வரவில்லை. ரோமாபுரிக்கு எழுதினார், மனசு அடங்குகிற மாதிரி பதில் வரவில்லை. கடைசியில் நேரே போனார். 1855-ல் அவருடைய ராஜினாமா ஏற்கப்பட்டது.

இந்த மண்ணின் பிள்ளைகளைச் சாமியார்களாக்க வேண்டும் என்பதில் சக மிஷனரிகளோடு அவருக்கு உரசல் இருந்ததும் ஒரு காரணம். அதை மறைத்தால் நானும் முக்கால்வாசிக்காரன் ஆகிவிடுவேன்.

மறு ஆண்டே லியோன் நகரில் ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனில் கரை இறங்கியவர், ஆறே வாரத்தில் மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியானார். அவரைத் தூங்கவிடாத அந்தச் சத்தியத்தை 1940-ல் ரோமாபுரியே எடுத்துவிட்டது. 85 வருஷம் கழித்து! 2020-ல் அவரை வணக்கத்துக்குரியவர் என்று திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்தார்.

அவர் ஆயர் பதவியையே விட்டார். நான் உங்களை இரண்டு மூன்று சென்ட்தான் விடச் சொல்கிறேன். சர்வேயரை வரச் சொல்லிக் கல் நடுங்கள். பைபிளைப் படிப்பதற்கு மட்டும் எடுங்கள்.

கேள்வி: அன்பியக் கூட்டத்தில் ஒருவர் போன வருஷம் வயிற்றுவலி குணமானதாகச் சாட்சி சொன்னார். இந்த வருஷம் அதையே புற்றுநோய் என்கிறார். திருத்தலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அடுத்த வருஷம் அவர் கல்லறையிலிருந்து எழுந்து வருவதற்குள் திருத்திவிடுங்கள். தனியாகக் கூப்பிட்டு.

கேள்வி: செபமாலை சொல்லும்போது வாய்தான் சொல்கிறது, மனசு எங்கோ போகிறது. நான் வெளிவேஷக்காரியா?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: இல்லை அம்மணி. என் அம்மாயி ஐம்பத்து மூன்று மணியை உருட்டிக்கொண்டே "கோழியை அடைச்சாச்சா?" என்று கேட்பாள். அடைச்சாச்சு என்று உள்ளேயிருந்து குரல் வந்தால்தான் அடுத்த மணி நகரும். பாதி மணிகள் கோழிக்குத்தான் போயிருக்கும். ஆனாலும் எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அவளிடம்தான் போய்ச் செபிக்கச் சொல்வோம். மனசு வரவில்லையென்றால் வாயாவது வரட்டும். வீட்டுக்கு ஆள் வந்திருக்கும்போது மட்டும் உங்களுக்குப் பக்தி கூடுகிறதா? அப்படியானால் மறுபடி எழுதுங்கள், வேறு பதில் வைத்திருக்கிறேன்.

கேள்வி: மூன்று மாதமாகப் பூசைக்குப் போகவில்லை. பங்குச்சாமியார் கேட்டால் வெளியூரில் இருந்தேன் என்று சொல்லிவிடலாமா?
– ஒரு வாசகர், காந்திபுரம்

பதில்: போன ஞாயிற்றுக்கிழமை அன்னபூர்ணாவில் அவர் உங்களுக்குப் பின் மேசையில் இருந்திருக்க மாட்டார் என்று என்ன நிச்சயம்?